பழைய ராணுவ வண்டி: உங்கள் ஷெட்டுக்கு எது பொருந்தும்?

தோப்போரம் துருப்பிடித்து நிற்கும் வண்டியை இருபது வருடம் கழித்துக்கூட யாராவது மீட்டுவிடலாம். பிரித்துப்போட்டுப் பாதியில் கைவிட்ட வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடையாது. பாகங்கள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போய்விடும். அதனால் பெங்களூரில் வீட்டு ஷெட்டில் ராணுவ வண்டியைச் சீரமைக்க ஆசைப்படுபவர், தன்னால் முடிக்கக்கூடிய வண்டியைத்தான் வாங்க வேண்டும். இடம், உதிரிபாகம், ஆவணம் மூன்றையும் வைத்து நான்கு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வில்லிஸ், ஃபோர்டு ஜீப் (1941–45)

முதல்முறை இறங்குபவருக்கு ஏற்றது. நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர்தான், 30க்கு 40 மனை வீட்டிலும் சமாளிக்கலாம். 1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, அதே வம்சத்து வண்டிகளைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. அதனால் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் குஜரிக் கடைகளிலும் தேடினால் பெரும்பாலான பாகங்கள் அகப்படும். 6.00-16 டயர் புதிதாகவே கிடைக்கிறது.

மகிந்திரா சிஜே-3பி-யைப் போர்க்கால ஜீப் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பானெட் உயரமாக இருந்தால் அது சிஜே-3பி. அதன் என்ஜின் உயரம் கூடியது. போர்க்கால ஜீப்பில் ஹெட்லைட் கீலில் மாட்டியிருக்கும். பின்னாலுள்ள நட்டைத் தளர்த்தினால் விளக்கு என்ஜின் பக்கம் திரும்பும். இருட்டில் ரிப்பேர் பார்க்கச் செய்த ஏற்பாடு அது. பானெட்டைத் தூக்கி அந்தக் கீலைத் தேடுங்கள். சிஜே-3பியும் நல்ல வண்டிதான், ஆனால் அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஜோங்கா

நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகத் தயாரானது. 3,956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் என்பதால் எரிபொருளைக் குடித்துத் தள்ளும். அதனாலேயே பல ஜோங்காக்களில் பின்னாளில் டீசல் என்ஜின் ஏறியது. அத்தகைய வண்டியின் ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பேரம் பேசுங்கள். அசல் என்ஜினோடு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

கனடா லாரி (சிஎம்பி)

இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் 4 லட்சத்துக்கு மேல் செய்த, மூக்கு சப்பையான லாரி. போர் முடிந்ததும் டிஸ்போசலில் விற்கப்பட்டு, நம் ஊர்களில் பஸ்ஸாகவும் மரலாரியாகவும் உழைத்தது. இன்று மீட்பதற்கு மிகவும் தகுதியானது இதுதான், மிகவும் கஷ்டமானதும் இதுதான்.

ஃபோர்டு வி8 என்ஜினில் பேரிங் தனித் தகடாக வரும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். செவர்லே ஆறு சிலிண்டரில் கனெக்டிங் ராடிலேயே வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அந்த வேலை தெரிந்த பட்டறைகள் அருகிவிட்டன. ஆகவே செவர்லே என்றால், வாங்கும் முன் ஆயில் சம்ப்பைக் கழற்றி ராடுகளை ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் அமெரிக்க அங்குல மரைதான். மில்லிமீட்டர் ஸ்பேனர் உதவாது.

ஒரு கடுமையான எச்சரிக்கை: இதன் சக்கரம் இரண்டு பாதிகளை போல்ட்டால் சேர்த்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து ஆளைக் கொல்லும். வால்வைப் பிடுங்கிக் காற்றை முழுதாக இறக்கிய பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும்.

சக்திமான்

ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான பெரிய டீசல் லாரி. நகர மனைக்கு இது ஆகாது. ஹோசூர் பக்கமோ தேவனஹள்ளி பக்கமோ தோட்டமும், கிரேன் உள்ளே வர வழியும் இருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

ஆவணம்

ராணுவ ஏலத்தில் போன வண்டிக்கு ஏல விற்பனைக் காகிதம் வேண்டும். ஏற்கெனவே பதிவானதென்றால் ஆர்.சி. வேண்டும். சேஸிஸ் எண்ணைத் துருவைச் சுரண்டி நீங்களே படித்து ஒப்பிடுங்கள். 2021 மத்திய விதிப்படி முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிக்கு ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. சரக்கு வண்டியாகப் பதிவான லாரி என்றால் முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் எது, வெளியில் எது?

பிரிப்பது, படமெடுத்துச் சீட்டுக் கட்டுவது, துரு நீக்குவது, பிரைமர் அடிப்பது, வயரிங், பிரேக் எல்லாம் வீட்டிலேயே பொறுமையாகச் செய்யலாம். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங் போன்றவற்றைப் பீன்யா போன்ற இடங்களில் நல்ல இயந்திரப் பட்டறைக்குக் கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன் சேஸிஸில் பெயின்ட் ஏறிவிட வேண்டும். வெறும் இரும்பு ஒரு ஈர இரவைக்கூடத் தாங்காது.

எதை எடுப்பது?

வார இறுதி மட்டும் கிடைப்பவருக்கு ஜீப். ஓட்டி மகிழவும் வேண்டும், நம் நாட்டில் உருவான வண்டியும் வேண்டும் என்பவருக்கு அசல் என்ஜினுள்ள ஜோங்கா. ஒரு வண்டியை முடித்த அனுபவமும் உயரமான ஷெட்டும் இருப்பவர் கனடா லாரியை எடுங்கள். அதற்குத்தான் ஆள் குறைவு. குஜரிக்குப் போகும் ஒவ்வொன்றோடும், நம் சாலைகளில் அது உழைத்த காலத்தின் சாட்சியும் போய்விடுகிறது.