புது ஸ்டேடியத்துக்குக் காசு யார் தருவது? ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிச் சற்றுப் போனால் பொம்மசந்திரா. அங்கே சூர்யா நகரில் 80,000 பேர் அமரும் கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு 2025 ஆகஸ்டில் கர்நாடக அரசு ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 1,650 கோடி ரூபாய். சின்னசாமி ஸ்டேடிய வாசலில் ஜூன் 4 அன்று நெரிசலில் 11 பேர் உயிரிழந்ததை அடுத்து வந்த முடிவு இது. பக்கத்தில் இவ்வளவு பெரிதாக எழும்போது நமக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கேட்பதற்கு முன், பணம் வரும் வழிகளை எடைபோடுவோம்.

முழுக்க அரசுப் பணம்
பொம்மசந்திரா இந்த வகை. செலவைக் கர்நாடக வீட்டு வசதி வாரியம் ஏற்கும் என்று அறிவித்தார்கள். வேலை வேகமாகத் தொடங்கும், சொத்தும் பொதுவில் இருக்கும். ஆனால் ஆட்டமே பார்க்காதவரின் பணமும் இதில் போகிறது. ஆட்டமில்லாத நாட்களின் பராமரிப்பும் அரசின் தலையில்தான்.

அரசு நிலம், சங்கத்தின் கட்டடம்
சேப்பாக்கம் இதற்கு உதாரணம். நிலம் அரசுடையது; குத்தகைக்கு எடுத்துக் கட்டியது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். கருவூலத்துக்குச் சுமை குறைவு. ஆனால் 2011 உலகக் கோப்பைக்காக எழுப்பிய ஐ, ஜே, கே கேலரிகள் கட்டட விதிச் சிக்கலில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. இந்த வழி என்றால் வாடகை, அனுமதி இரண்டையும் முதலிலேயே எழுத்தில் முடிக்க வேண்டும்.

டிக்கெட்டில் கூடுதல் கட்டணம்
பார்ப்பவரே தருவது நியாயம்தான். ஆனால் கணக்கு உதைக்கிறது. 80,000 இருக்கையும் நிரம்பி, ஆளுக்கு 200 ரூபாய் வாங்கினால் ஒரு ஆட்டத்துக்கு 1.6 கோடி. ஆண்டுக்குப் பத்து ஆட்டம் நடந்தாலும் 16 கோடி. வட்டியே இல்லாமல் 1,650 கோடியை அடைக்க நூறு ஆண்டுக்கு மேலாகும். ஐபிஎல் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜிஎஸ்டி. டிக்கெட் விலையோடு சேர்த்து வாங்கும் 200 ரூபாய் 280 ஆகிவிடும். மாநிலத்தின் பங்கு வரியும் ஆட்டம் நடக்கும் மாநிலத்துக்கே. ஓசூர்க்காரர் பொம்மசந்திராவில் கட்டும் அந்த மாநில வரியில் தமிழகத்துக்குப் பங்கில்லை. இந்த வழி பராமரிப்புக்கு உதவும், கட்டுவதற்கு உதவாது.

தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம்
தமிழக அரசின் திட்டம் இது. ஒன்றுக்குச் சுமார் 3 கோடி. ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என ஆறு தொகுதிக்கும் 18 கோடி போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?
ஆண்டுக்குச் சில நாள் நிரம்பும் பெரிய கேலரி வேண்டுமென்றால் நிலம் மட்டும் அரசு தரட்டும். கட்டும் செலவைச் சங்கமும் ஒளிபரப்பு வருமானமும் சுமக்கட்டும். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியும் அரசுப் பள்ளி மாணவியும் தினமும் ஓடவும் ஆடவும் இடம் வேண்டுமென்றால், அதற்கு முழுக்க அரசுப் பணம் போடுவதே சரி. பெரிய ஸ்டேடியம் எல்லைக்கு அப்பால் வரப்போகிறது. நம் வரிப்பணத்தில் நாம் கேட்க வேண்டியது ஓடுதளமும், இரவு விளக்கும், கழிப்பறையும், பயிற்சியாளர் சம்பளமும்.