பத்ரிக்கு நடந்த பாதை

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் சுமார் 295 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று வண்டியில் ஏறினால் ஓரிரு நாட்களில் ஆலய வாசலை அடைந்துவிடலாம். 1960-களில் மோட்டார் சாலை பத்ரியை நெருங்கும் வரை, யாத்திரிகர்கள் வாரக்கணக்கில் நடந்தே சென்றனர். அவர்கள் நடந்த வழி இன்றைய நெடுஞ்சாலை அன்று. தேவப்பிரயாகை வரை நெடுஞ்சாலை கங்கையின் வலக்கரையில் செல்கிறது; பழைய பாதையோ லட்சுமண ஜூலாவில் ஆற்றைக் கடந்து இடக்கரையோடு சென்றது. வண்டியில் செல்லும் நாம் எதிர்க்கரையில் புதர் மண்டிய ஒரு கோட்டைக் காண்கிறோம். ஆனால் அதன் மகிமையை அறிவதில்லை. ஆழ்வார்கள் பாடிய கண்டமென்னும் கடிநகர் (தேவப்பிரயாகை), திருப்பிரிதி (ஜோஷிமடம்), பதரி ஆகிய மூன்று திவ்ய தேசங்களையும் இணைத்த வழி அது.

இப்பாதையின் உயிர்நாடி 'சட்டி'. தமிழர்களுக்கு இச்சொல் சமையற்கட்டையே நினைவூட்டும். கட்வால் மலைகளிலோ யாத்திரிகர் தங்கும் இடத்திற்கு இதுவே பெயர். கருட சட்டி, பூல் சட்டி, மோகன் சட்டி, மகாதேவ் சட்டி என்று சில மைல்களுக்கு ஒன்றாக அவை அமைந்திருந்தன. கூரை வேய்ந்த நீண்ட கொட்டகை, அருகே ஒரு மளிகைக் கடை, ஒரு நீரூற்று, அவ்வளவுதான். யாத்திரிகர் மாவும் பருப்பும் நெய்யும் கடைக்காரரிடம் வாங்குவார். தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் அவருக்கு இலவசம். பெரும் செல்வரின் தயவை எதிர்பாராமல், ஏழை யாத்திரிகரும் எளிய கிராமவாசியும் ஒருவரை ஒருவர் தாங்கிய அழகான ஏற்பாடு இது.

கையில் காசில்லாத சாதுக்களின் நிலை வேறு. அவர்கள் படும் துன்பத்தைக் கண்டு உள்ளம் உருகியவர் சுவாமி விசுத்தானந்தர். கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்ததால் 'பாபா காலி கம்லிவாலா' என்று மக்கள் அவரை அழைத்தனர். அவர் வணிகர்களிடம் யாசித்து, வழிநெடுகத் தர்மசாலைகளும் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தல்களும் அமையச் செய்தார். லட்சுமண ஜூலாவில் கயிற்றுப் பாலத்திற்குப் பதிலாக 1889-இல் இரும்புத் தொங்குபாலம் அமைத்தவர் கல்கத்தா வணிகர் சூரஜ்மல். அது 1924 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. 1930-இல் திறக்கப்பட்ட அடுத்த பாலமும் வலுவிழந்து 2019-இல் மூடப்பட்டது.

1890-இல் சுவாமி விவேகானந்தர் பத்ரி, கேதாரம் ஆகியவற்றைத் தரிசிக்கும் ஆவலுடன் சுவாமி அகண்டானந்தர் முதலியோருடன் அல்மோராவிலிருந்து நடந்தார். கர்ணப்பிரயாகையை அடைந்தபோது, பஞ்சத்தின் காரணமாக அரசாங்கம் மேலே செல்லும் வழியை அடைத்திருப்பது தெரிந்தது. நோயும் அவர்களை வாட்டியது. ருத்திரப்பிரயாகை வழியாக ஸ்ரீநகருக்கு (கட்வாலில் உள்ள ஊர்) வந்து சில வாரங்கள் தங்கினர். சுவாமிஜியின் அந்த யாத்திரையில் பத்ரி தரிசனம் நிறைவேறவில்லை. ஆயினும் வழியில் கிடைத்தது சிறிதன்று. அல்மோராவுக்குச் செல்லும் வழியில் காக்ரிகாட்டில் அரசமரத்தடியில் தியானித்தபோதுதான், அண்டமும் பிண்டமும் ஒரே நியதியில் அமைந்தவை என்ற அனுபவம் அவருக்கு வாய்த்தது. விரைந்து செல்லும் வண்டியில் அந்த மரநிழல் கணநேரத்தில் பின்தங்கிவிடும்.

ஐதரேய பிராம்மணத்தில், காட்டிலிருந்து வீடு திரும்ப எண்ணிய ரோகிதனை இந்திரன் அந்தணர் வடிவில் ஆண்டுதோறும் வந்து சந்திக்கிறான். நடப்பதை விடாதே என்று தூண்டுகிறான். சேரும் இடத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நடப்பவனுக்குள் நிகழும் மாற்றமே உபதேசத்தின் பொருள். பரிவ்ராஜக வாழ்வின் உட்கருத்தும் இதுவே.

இவ்வாறு கூறுவதால் பழைய நாட்களைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. காலரா இப்பாதையில் எத்தனையோ உயிர்களைக் கொண்டது. ருத்திரப்பிரயாகைப் பகுதியில் 1918 முதல் 1926 வரை ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்று மக்களை அச்சத்தில் ஆழ்த்தியது. யாத்திரிகர் தங்கும் குலாப்ராய் அருகில்தான் ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மோட்டார் சாலை ஒரு வரப்பிரசாதம். அதை வேண்டாம் என்பது நமது கருத்தன்று.

ஆனால் யாத்திரிகர் வருவது நின்றதும் சட்டியின் கடை மூடப்பட்டது. கடை போனதும் பாதையைப் பழுதுபார்ப்பவர் இல்லாமற் போயினர். மலைப்பாதைக்கு ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு சோதனை. சரிந்த கல்கட்டை அடுக்கவும், நீர் வடியும் வாய்க்காலைத் தூர்வாரவும், ஊற்றின் முகத்தைச் சுத்தம் செய்யவும் அருகிலேயே ஆட்கள் வேண்டும். இளைஞர்கள் பிழைப்புத் தேடிச் சமவெளிக்குச் சென்றுவிட்ட கிராமங்களில் இதை யார் செய்வர்? சில இடங்களில் ஜீப் சாலை பழைய பாதையை விழுங்கிவிட்டது. மோகன் சட்டியில் இப்போது இளைஞர்கள் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் குதித்து மகிழ்கின்றனர்! அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அந்தப் பெயரின் பொருளை நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மாநிலச் சுற்றுலாத் துறையின் ஆதரவுடன் மலையேற்றக் குழுவினர் பழைய சார் தாம் பாதைகளைத் தேடி நடந்தனர். பாராட்ட வேண்டிய முயற்சி. வரைபடமும் வழிகாட்டிப் பலகையும் தேவைதான். எனினும் பாதையைக் காத்தது பலகையன்று, சட்டிக்காரர் விற்ற ஒரு படி மாவு. நடப்பவர் மீண்டும் வந்து, அக்கிராமத்து வீட்டில் தங்கி, அங்கே சமைத்ததை விலை கொடுத்து உண்டால், கல்கட்டைத் திருத்த ஊராருக்கு ஒரு காரணம் பிறக்கும். சிமெண்டு பூசி அகலப்படுத்துவதைவிட அது மேலானது.

ரிஷிகேசம் செல்லும் அன்பர்கள் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம். லட்சுமண ஜூலா பகுதியிலிருந்து இடக்கரையோடு கருட சட்டியைக் கடந்து பூல் சட்டி வரை நடப்பது பெரும்பாலோர்க்கு இயலும். உடல்வலிமை உள்ளவர்கள், மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைகொண்டு, நயார் நதி கங்கையில் கூடும் வியாஸ்காட் வரையிலும் செல்லலாம். பாதை எங்கே மறைந்திருக்கிறது என்பதை அங்குள்ள முதியவர்களே அறிவர். அவர்களிடம் சட்டிகளின் பெயர்களைக் கேட்டு, வரிசையாக எழுதி வாருங்கள்.