முதலில் கையெழுத்து, பிறகு ஓவியம்

காட்டுயிர் ஓவியம் கற்க வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது எந்த பிரஷ் வாங்கலாம், எந்தப் பேப்பர் நல்லது என்றுதான். அதற்குப் பதில் சுருக்கமானது. 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், நுனி பிரியாத இரண்டு பிரஷ், 8×42 பைனாகுலர், பையில் அடங்கும் ஒரு நோட்டு. விடியும்போதே காட்டுக்குப் போங்கள். பென்சிலில் உருவத்தைப் பிடியுங்கள், நிறங்களை அங்கேயே எழுதி வையுங்கள், வீட்டுக்கு வந்து வண்ணம் தீட்டுங்கள். மீதியைக் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வரைந்து கொடுத்த பிறகு அந்தப் படம் யாருடையது? இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய நஷ்டத்தைக் கொடுத்தது அந்தக் கேள்விதான். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஆனைமலைப் பகுதியில் வைக்கப்போகும் தகவல் பலகைக்காகப் பெரிய இருவாச்சி ஜோடி ஒன்றை வரையச் சொல்லி ஒரு தனியார் அமைப்பிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லாம் போனிலேயே பேசி முடிந்தது. “நமக்குள்ள எதுக்கு சார் அக்ரிமென்ட்?” என்றார் பொறுப்பில் இருந்தவர். பணம் சொன்னபடி வந்தது. அப்போதெல்லாம் எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்தோம். எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லாதவன் என்று பெயர் வரும். அடுத்த வேலை வராது.

அந்தப் படத்துக்காக வால்பாறைப் பக்கம் போய்க் காத்துக் கிடந்தேன். இருவாச்சியில் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டுவது முதலில் கண்தான். ஆணுக்குக் கண் சிவப்பு, சுற்றியிருக்கும் தோல் கறுப்பு. பெண்ணுக்குக் கண் வெளிர் நிறம், சுற்றியிருக்கும் தோல் சிவப்பு. அலகுக்கு மேலே இருக்கும் புடைப்பில் ஆணுக்கு முன்னும் பின்னும் கறுப்பு உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. இதையெல்லாம் அருங்காட்சியகத்துப் பறவையைப் பார்த்து வரைய முடியாது. பதப்படுத்திய தோலில் கண் இருந்த இடத்தில் பஞ்சுதான் இருக்கும். கழுத்திலும் அலகின் புடைப்பிலும் தெரியும் மஞ்சள், வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயைப் பறவையே எடுத்துப் பூசிக்கொள்வது. செத்த பறவையில் அது மங்கிவிடும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் அலகு நுனியைத் தவிர வேறெதுவும் வெளியே தெரியாது. அதற்கு முன்பே, ஜோடியாகக் கிளையில் உட்கார்ந்து ஆண் அத்திப்பழம் ஊட்டும் நாட்களில் பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்த்து, நோட்டில் குறித்து, கண்ணுக்கு மட்டும் தனியாக வண்ணம் கலந்து பார்த்துத் தீட்டிய படம் அது.

பலகை வந்தது. இரண்டு பறவைக்கும் கண் சிவப்பு! டிசைன் செய்தவருக்கு வெளிர் கண் எடுப்பாக இல்லையாம். மூலையில் இருந்த என் கையெழுத்தும் வெட்டப்பட்டிருந்தது. பிறகு அதே படம் காலண்டரில் வந்தது, டி-ஷர்ட்டில் வந்தது. கேட்டதற்கு, “காசு குடுத்தாச்சே, இனிமே படம் எங்களோடது” என்றார்கள்.

வக்கீலிடம் போனபோதுதான் சட்டத்தின் முழு முகமும் தெரிந்தது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் காசு வாங்கிக்கொண்டு தீட்டிய ஓவியத்துக்கு விதிவிலக்கு உண்டு. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துத் தீட்டச் சொன்னவரே முதல் உரிமையாளர். இதை இன்னொரு முறை படியுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும்.

நமக்கு மிஞ்சுவது 57ஆம் பிரிவு. உரிமை யாரிடம் போனாலும், இது நான் வரைந்தது என்று சொல்லும் உரிமையும், என் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் ஓவியரிடமே இருக்கும். பெண் இருவாச்சிக்குச் சிவப்புக் கண் வைத்தது அந்தச் சிதைவுதான். அந்தப் பலகையைப் பார்க்கிற பறவை ஆர்வலர், வரைந்தவனுக்கு இருவாச்சி தெரியாது என்றுதான் நினைப்பார். ஆனால் கோர்ட்டுக்கு அலைய என்னிடம் பணம் இல்லை. உங்களிடமும் இருக்காது.

பெயரை மறைப்பது புதிதல்ல. 1843 முதல் 1847 வரை மதராஸில் பறவையியலாளர் ஜெர்டன் வெளியிட்ட பறவை ஓவியத் தொகுப்பில் 50 படங்கள் உண்டு. அதில் வேலை செய்த நம் நாட்டு ஓவியர்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதே காலத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காகத் தாவரங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயரும் நிலைத்தது. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். அதற்கும் முன்னால், பறவைகளையும் விலங்குகளையும் வரைந்த உஸ்தாத் மன்சூருக்கு முகலாய பாதுஷா ஜஹாங்கீர் பட்டம் கொடுத்து, தன் நினைவுக் குறிப்பிலும் எழுதி வைத்தார். பாதுஷாவுக்கு இருந்த மரியாதை காலண்டர் போடுகிறவருக்கு இல்லை.

அதனால் வேலை வந்தால் முதலில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வக்கீல் தமிழ் தேவையில்லை.

காப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்பது முதல் வரி.

எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டில் என்பது அடுத்தது. பலகைக்கு என்றால் பலகைக்கு மட்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.

நிறம், திசை, உருவம் எதையும் என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது. அச்சுக்கு முன் புரூஃப் எனக்கு வர வேண்டும்.

படத்தோடு பெயர் வர வேண்டும். ஸ்கேன் மட்டும் போகும், அசல் ஓவியம் என்னிடமே இருக்கும்.

பாதிப் பணம் முன்பணம்.

இந்தக் கடிதத்தைக் காட்டிய பிறகு சிலர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறேன். நான் செய்தது சரிதான். நெட்டில் கிடைத்த போட்டோ ஒன்றைப் பார்த்து ஒரே ராத்திரியில் வரைந்து, கேட்ட விலைக்குக் கொடுக்கிறவர்கள் அந்த வேலைகளை வாங்கிக்கொள்ளட்டும். “ஆராய்ச்சிக்குத்தானே, இலவசமா குடுங்க” என்பவர்களுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். அந்தத் திட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவர் முதல் அறிக்கை எழுதுகிறவர் வரை எல்லோருக்கும் சம்பளம் உண்டு. ஓவியர் மட்டும் ஏன் தர்மத்துக்கு உழைக்க வேண்டும்?

படம் வரையச் சொல்கிற அமைப்புகளையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பறவையின் நிறத்தில் கை வைக்கும் முன் வரைந்தவருக்கு ஒரு போன் போடுங்கள். பலகையின் மூலையில் அவர் பெயருக்கு ஓர் அங்குலம் போதும், அதைக் கொடுங்கள்.