மருத்துவமனையில் நமக்கும் ஓர் இடம்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

மருத்துவமனை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர்கள் மருத்துவரும் செவிலியருமே ஆவர். மேனிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்காதவர்களும், எடுத்தும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும், இனி அந்த வாயிலை நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோதான் மிதிக்க முடியும் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் சென்ற ஆண்டு வரை அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு பகற்பொழுது.

என் தாத்தாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் காலை 9 மணிக்கு மருத்துவர் வந்து பார்த்து, "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். நாங்கள் வெளியே வந்தபோது மாலை 5 மணி. மீந்த மருந்துகளைப் பெற்றுக்கொண்டு மருந்தகம் ஒரு சீட்டுத் தர வேண்டும். அது வந்தால்தான் கணக்குப் பிரிவு இறுதிப் பில் போடும். அந்தப் பில் போனால்தான் காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தரும். மூன்று மேசைகளிலும் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஒரு மேசைத் தாளை அடுத்த மேசைக்கு நகர்த்துவது யார் பொறுப்பு என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. நானே மாடிப்படி ஏறி இறங்கினேன்.

அப்போது அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஓர் அம்மாள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். "வார்டுல கட்டில் காலியாகலையாம்" என்றார் அருகில் நின்ற அவர் மகன். மேலே என் தாத்தா சட்டை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி, ஒரு கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். நோய் தீர்ந்தவர் கட்டிலில், நோயுற்றவர் வாயிலில்! இதைச் சரிசெய்ய ஊசி, மருந்து எதுவும் தேவையில்லை. வேண்டியது நிர்வாகம். அந்த நிர்வாகத்தைக் கற்பிக்கவே ஒரு மேற்படிப்பு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிப்பு வந்த வரலாறு

மருத்துவமனை நிர்வாகத்திற்கெனத் தனி முதுநிலைப் படிப்பை 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கியது. நம் நாட்டில் இப்படிப்பு இரு வகையாக உள்ளது. புதுதில்லி எய்ம்ஸ் போன்ற மருத்துவக் கல்வி நிறுவனங்களில் அது மருத்துவப் பட்டதாரிகளுக்கே உரியது. மும்பையிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1984-இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எச்.எம்.ஆர். போன்றவற்றிலோ பிற துறைப் பட்டதாரிகளும் சேரலாம். வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே வகுப்பில் அமரலாம். தமிழகப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும் எம்.பி.ஏ. அல்லது எம்.எச்.ஏ. என்னும் பெயரில் இப்படிப்பு நடைபெறுகிறது. பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு. இடையில் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் இறுதியில் ஓர் ஆய்வறிக்கையும் உண்டு.

என்ன கற்பிக்கிறார்கள்?

நிதி, பணியாளர் மேலாண்மை, கிடங்குக் கணக்கு, மருத்துவ ஆவணங்கள், நோய்ப்பரவலியல், மருத்துவம் சார்ந்த சட்டங்கள், கழிவு அகற்றுதல், தரச்சான்று ஆகியவை முக்கியப் பாடங்கள். இவற்றுள் என்னைக் கவர்ந்தது எளிய கணக்கு ஒன்று.

100 கட்டில்கள் உள்ள ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 30 நாள் மாதத்திற்கு அதனிடம் உள்ளவை 3,000 கட்டில்-நாட்கள். அம்மாதத்தில் 400 நோயாளிகள் சேர்ந்து, சராசரியாக 6 நாட்கள் தங்கினால் 2,400 கட்டில்-நாட்கள் பயன்பட்டிருக்கும். அதாவது 80 விழுக்காடு. இச்சராசரி 6-லிருந்து 5 நாட்களாகக் குறைந்தால், அதே 2,400 கட்டில்-நாட்களில் 480 பேருக்குச் சிகிச்சை அளிக்கலாம். ஒரு செங்கல் கூடுதலாக வைக்காமல் 80 பேருக்கு இடம் கிடைக்கிறது.

நோய் தீருமுன் நோயாளியை அனுப்பிவிடுவதன்று இதன் பொருள். எக்ஸ்-ரே முடிவுக்காக ஒரு நாள், அறுவை அரங்கு கிடைக்க ஒரு நாள், பில்லுக்காக ஒரு நாள் என வீணாகும் நாட்களைக் களைவதே நோக்கம். என் தாத்தாவின் எட்டு மணி நேரமும் இந்தக் கணக்கில் அடங்கியதே.

கண்முன் உள்ள சான்றுகள்

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலகமே அறியும். அங்கே அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவர். மருத்துவர் காத்திருப்பதில்லை. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாய் ஏழைகளின் இலவச சிகிச்சைக்குத் துணைநிற்கிறது. இம்முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்கவே 1992-இல் அங்கு ஒரு பயிற்சி நிறுவனமும் ஏற்பட்டது.

அரசுத் துறையிலும் சான்று உண்டு. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒன்றாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குரிய தொகையைப் பாஸ் புத்தகத்தில் பார்த்து மருந்து பெற்றுக்கொள்ளும் முறை அங்கு ஏற்பட்டது. இதற்கு வேண்டியது நாம் வகுப்பில் படிக்கும் அதே சரக்குக் கணக்குத்தான்!

பட்டத்திற்குப் பின்

பட்டம் பெற்றவுடன் நிர்வாகியின் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணுவது தவறு. பலரும் தொடங்கும் இடம் வரவேற்புப் பிரிவு, ஆவணப் பிரிவு, கிடங்கு, தரப் பிரிவு, காப்பீட்டு மேசை ஆகியவையே. தமிழகத்தில் 2009-இல் அரசு காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகும், 2018-இல் நாடு தழுவிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்த பிறகும் காப்பீட்டு மேசையின் வேலை பெருகியுள்ளது. தொடக்கத்தில் ஊதியம் குறைவாக இருக்கலாம். இரவுப் பணியும் விடுமுறை நாள் பணியும் இருக்கும். சில ஆண்டுகள் பல பிரிவுகளிலும் உழைத்தவரே துறை மேலாளராகவும், பின்னர் மருத்துவமனையின் பொது நிர்வாகியாகவும் உயர முடியும். மருத்துவமனைகள் மட்டுமின்றிக் காப்பீட்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்கள் ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உண்டு. ஆனால் அரசு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர் பதவி மருத்துவர்களுக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

சேருமுன் மூன்றைக் கேட்டறிவது நன்று. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் முறையான அங்கீகாரம் பெற்றதா? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம்? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள்? வண்ண விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்குவதைவிட, பழைய மாணவர் இருவரைக் கண்டு பேசுவது மேல்.

முடிவுரை

இப்படிப்பில் சேரப்போவதாக நான் வீட்டில் சொன்னபோது, "டாக்டராகவும் இல்லை, நர்ஸாகவும் இல்லை. அங்கே போய் என்னதான் செய்வே?" என்று என் தந்தையார் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. திண்ணையில் இருந்த தாத்தா சொன்னார்: "அன்னிக்கு அந்தச் சீட்டை நகர்த்த ஓர் ஆள் இருந்திருந்தா, நான் மத்தியானச் சாப்பாட்டை வீட்டுல சாப்பிட்டிருப்பேனே!"

அவர் தம் சாப்பாட்டை நினைத்தார். நான் ஸ்ட்ரெச்சரில் இருந்த அம்மாளை நினைத்தேன். அவருக்கு எப்போது கட்டில் கிடைத்தது என்று நான் அறியேன். உயிரைக் காக்கும் கை மருத்துவருடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கை எட்டும் இடத்திற்கு நோயாளியை நேரத்தில் கொண்டு சேர்ப்பதும் ஒரு தொண்டே ஆகும். அத்தொண்டில் கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் ஓர் இடம் உண்டு.