கடல்மீன் தொட்டியில் கூட்டம் நிற்குமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

நியான் டெட்ராவையும் டைகர் பார்பையும் ஆறேழாக வாங்கி விட்டால் சேர்ந்து சுற்றும் என்பது நன்னீர் மீன் வளர்ப்பில் கற்ற பாடம். திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒருவர் உப்புநீர்த் தொட்டிக்கு மாறும்போது அந்தக் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. பச்சை குரோமிஸ், ஆந்தியாஸ், கார்டினல் போன்ற சிறு கடல்மீன்களைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் பலவும் இப்படிக் குடிபெயர்ந்தவையே.

நம்பிக்கை: சேர்ந்து நீந்துவது பிறவிக் குணம், தொட்டியிலும் அப்படியே நீந்தும்.

கூட்டம் சேர்வது அச்சத்துக்கு மீன் கண்ட வழி. பத்தில் ஒன்றாக இருப்பதைவிட நூற்றில் ஒன்றாக இருந்தால் இரையாகும் வாய்ப்பு குறைவு. ஒரே மாதிரி மின்னும் உடல்கள் சட்டென்று திரும்பும்போது எதைப் பிடிப்பது என்று வேட்டை மீனும் தடுமாறுகிறது. அடுத்த மீன் அசைக்கும் நீரின் அழுத்தத்தை உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு கண்டுகொள்கிறது. 1976இல் வெளியான ஓர் ஆய்வில், கண்கள் மறைக்கப்பட்ட சைத் மீன்கள்கூடக் கூட்டத்தோடு இணைந்து நீந்தின.

வேட்டை மீனே இல்லாத கண்ணாடித் தொட்டியில் இந்த அச்சம் மெல்ல வடிந்துவிடும். முதல் வாரம் ஒரு மூலையில் நெருங்கி நிற்பதைப் பார்த்து ‘நன்றாகச் சேர்ந்துவிட்டன’ என்று மகிழ்பவர்கள் உண்டு. அது ஒற்றுமை அல்ல, மிரட்சி. மிரட்சி தெளிந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடுக்கைப் பிடித்துக்கொள்ளும். நெத்திலியும் சாளையும் போல ஒரே திசையில் அணியாக ஓடும் மீன்களுக்கு வீட்டுத் தொட்டி போதாது. வண்ணமீன் கடையில் கிடைக்கும் சிறு கடல்மீன்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் தளர்வாகக் கூடி மிதப்பவை. அவற்றிடம் அணிவகுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நம்பிக்கை: ஒற்றைப்படையில் வாங்கினால் சண்டை வராது.

மொய் எழுதத்தான் இந்தக் கணக்கு உதவும். பச்சை குரோமிஸ் கடலில் கிளைவிட்ட பவளங்களுக்கு மேலே மிதந்து மிதவையுயிரிகளைக் கொறிக்கும். ஆபத்து என்றால் கிளைகளுக்குள் பாயும். அந்தக் கூட்டத்துக்குள்ளும் வலியது, எளியது என்ற படிநிலை உண்டு. கடலில் அடிவாங்கிய மீன் விலகிப் போக இடமிருக்கிறது, தொட்டியில் இல்லை. ஏழு குரோமிஸ் சில மாதங்களில் ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சுவது உலகெங்கும் கடல்மீன் வளர்ப்போருக்குப் பழகிப்போன கதை. சிவந்த புண்ணோடு இறப்பவை எல்லாம் சண்டையில் மடிந்தவையும் அல்ல. யூரோனிமா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி குரோமிஸை அதிகம் தாக்கும். பயணக் களைப்பும் நெரிசலும் அதற்கு வழிவிடுகின்றன.

இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த பங்காய் கார்டினலின் கதை வேறு. குஞ்சாக இருக்கும்வரை நெருங்கி நிற்கும். வளர்ந்து ஆணும் பெண்ணும் இணை சேர்ந்ததும் மற்றவற்றைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் ஆண், அந்த நாட்களில் தீனியைத் தொடுவதில்லை. ஆந்தியாஸ் பெண்ணாகவே வளர்ந்து, கூட்டத்தின் ஆண் இறந்தால் வலிய பெண் ஒன்று ஆணாக மாறுவது. ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்று வைத்தால்தான் நிலைக்கும். நாளுக்குப் பலமுறை தீனியும் வேண்டும், ஒருவேளைத் தீனியில் மெலிந்துவிடும். கூட்டம்தான் வேண்டும் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது பைஜாமா கார்டினலை. அழகில் ஒரு படி குறைவு என்பார்கள், சாந்தத்தில் இரண்டு படி மேல்.

எண்ணிக்கையைவிட உதவுபவை மூன்று: தொட்டியின் நீளம், மீன்களைவிட அதிகமான மறைவிடங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவது. முதலில் வந்தது இடம் பிடித்துவிட்டால் பின்னால் வருவது அதற்கு அந்நியன்.

நம்பிக்கை: கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர்.

தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிகின்றன. பிறகு சோடியம் குளோரைடு விளைகிறது. மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளில் பெரும்பகுதி மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. சமையலறைக்கு வருவது கடலின் ஒரு பகுதிதான். லிட்டருக்கு 35 கிராம் போட்டால் கரிப்பு சரியாக இருக்கும், கடல்நீராக இருக்காது. குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் என்னென்ன கரைந்திருக்கும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆர்.ஓ. நீரில் கடல்தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தியை 1.025 அருகே வைப்பதே முறை. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. நீர் மட்டுமே, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

நம்பிக்கை: மன்னார் வளைகுடா மீனுக்கு இந்த ஊர் வெயில் பழக்கம்தான்.

அந்த வளைகுடாவும் வெப்பத்துக்குத் தப்பவில்லை. 2010, 2016 கோடைகளில் அங்கே பவளங்கள் வெளுத்தன. கடல் மெல்லச் சூடாகும். கத்திரி வெயிலில் மாடி அறையில் இருக்கும் சிறு தொட்டி ஒரே பிற்பகலில் சூடாகிவிடும். 25 பாகையில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் தாங்குவது சுமார் 6.7, 30 பாகையில் அது 6.2 ஆகிறது. மீனின் மூச்சுத் தேவையோ வெப்பத்தோடு ஏறும். மின்சாரம் நின்றால் முதலில் திணறுவது மீன்கள் நெருங்கிய தொட்டியே. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது, எட்டாவது மீனை வாங்குவதைவிட நல்ல செலவு. நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் சூடு தணியும், கூடவே நீரும் வேகமாகக் குறையும்.

நம்பிக்கை: ராமேஸ்வரம் போய்வரும்போது பவளக்கல் எடுத்து வரலாம்.

கூடாது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மறைவிடத்துக்குத் தொட்டிக்கென விற்கும் செராமிக் கற்கள் போதும். மீனைக்கூடக் கடலில் பிடித்ததாக வாங்க வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களோடு, குரோமிஸ் சேர்ந்த டாம்செல் குடும்பத்தின் சில இனங்களையும் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்திருக்கிறது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனில் இதைச் செய்தது. பொரிப்பகக் குஞ்சுகள் காய்ந்த தீனிக்குப் பழகியவை.

நம்பிக்கை: டாம்செல் எதையும் தாங்கும், தண்ணீர் நிரப்பிய மறுநாளே விடலாம்.

மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் நஞ்சில்தான் நீந்துகிறது. தாங்கிப் பிழைத்த டாம்செல் முழுத் தொட்டியையும் தனதாக்கிக்கொண்டு, பின்னால் வரும் கூட்டத்தை அண்டவிடாது. எல்லாவற்றையும் ஒன்றாக விட வேண்டும் என்பதும், பாக்டீரியாக்கள் தாங்கும் அளவே விட வேண்டும் என்பதும் முரணாகத் தோன்றலாம். மீனே இல்லாத தொட்டியில் சிறிது அம்மோனியா சேர்த்துப் பாக்டீரியாவை வளர்ப்பது இதற்கு விடை. அந்த வாரங்களில் கூட்டம் முழுவதையும், பாக்டீரியா ஏற்கெனவே பழகிய வடிகட்டி உள்ள வேறொரு சிறு தொட்டியில் ஒன்றாக வைத்து நோய் பார்க்கலாம். சோதனைக் கருவி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பூஜ்யம் என்று காட்டிய பிறகு, எல்லா மீன்களையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம்.