போலீஸை கான்ட்ராக்ட்ல எடுக்கலாமா? ஒரு சின்ன ஊரோட கணக்கு

சொந்தக் கார் வாங்கறதா, கால் டாக்ஸியே போதுமான்னு சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதே கேள்வியை இன்னைக்கு ஒரு ஊருக்குக் கேட்போம். கார் இல்ல, போலீஸ்.

நம்ம ஊர்ல இந்தக் கேள்வியே வராது. போலீஸ் மாநில அரசோட துறை. நகராட்சி பட்ஜெட்ல இன்ஸ்பெக்டர் சம்பளம் இருக்காது. ஆனா அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரங்கள் அந்தச் சம்பளத்தை உள்ளூர் வரியில இருந்துதான் கொடுக்கணும். அதனால சொந்தமா ஒரு துறை நடத்தறதா, இல்ல பெரிய துறைகிட்ட காசு கொடுத்து சர்வீஸா வாங்கறதான்னு முடிவு பண்ணியே ஆகணும். 1954-ல கலிஃபோர்னியாவுல லேக்வுட் நகரம் உருவானப்போ, போலீஸ் உட்பட பல சேவைகளை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிகிட்டயே விலைக்கு வாங்கிடுச்சு. இன்னைக்கு அந்த ஒரு கவுண்டியில மட்டும் 40-க்கு மேல நகரங்கள் ஷெரிஃப் துறைகிட்ட இப்படித்தான் வாங்குது.

ஏன்னு புரியணும்னா ஒரு சின்ன கணக்கு போடுங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் 40 மணி நேரம் வேலை பார்ப்பார். 168-ஐ 40-ஆல வகுத்தா 4.2. லீவு, பயிற்சி, கோர்ட் சாட்சி எல்லாம் சேர்த்தா 5 பேர். அதாவது, எப்பவும் ஒரே ஒரு போலீஸ்காரர் ரோட்டுல இருக்கணும்னா 5 சம்பளம்! துணைக்கு இன்னொருத்தர் வேணும்னா 10. அவசர போனை 24 மணி நேரமும் எடுக்க இன்னொரு 5. மேல சூப்பர்வைசர்கள், தலைமை அதிகாரி, வண்டி, இன்சூரன்ஸ். ஊர்ல ஒரு திருட்டுகூட நடக்காத மாசத்துலயும் இந்தச் செலவு நிக்காது. 2 லட்சம் பேர் பங்கு போட்டா தாங்கும். 10,000 பேருக்கு? லைப்ரரி, பார்க், ரோடு எல்லாத்துக்கும் வெட்டு விழும்.

கான்ட்ராக்ட்ல இந்தத் தலைவலி குறையும். லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் துறை சேவையை யூனிட் கணக்குல விக்குது. 56 மணி நேர யூனிட்னா தினமும் 8 மணி நேரம், 7 நாள். மூணு வாங்கினா 168 மணி நேரம் முடிஞ்சது. ஒருத்தர் லீவு போட்டா மாற்று ஆள் அனுப்பறது அவங்க பொறுப்பு.

அப்போ கான்ட்ராக்ட்தான் லாபமா? கொட்டேஷனை மட்டும் பார்த்தா ஆமா. ஆனா எங்க தொழில்ல கொட்டேஷன்ல இல்லாததைத்தான் முதல்ல தேடுவோம்.

முதல்ல பென்ஷன். கலிஃபோர்னியாவுல வயேஹோ நகரம் 2008-ல திவால் மனு கொடுத்தது. போலீஸ், தீயணைப்புத் துறைகளோட சம்பளமும் பென்ஷனும் அதுக்கு ஒரு பெரிய காரணம். இதைப் பார்த்துட்டு "நாமளும் துறையை மூடிடுவோம்"னு ஒரு நகரம் நினைக்கலாம். ஆனா ஏற்கனவே வேலை பார்த்தவங்களுக்குச் சேர்ந்த பென்ஷன் கடன் துறையை மூடினா போயிடாது. கார் உடைஞ்சு போச்சுன்னு கார் லோன் இஎம்ஐ நின்னுடுமா? அதனால அந்தத் தொகையை "மிச்சம்" பக்கத்துல எழுதவே கூடாது. நிறைய பேர் கணக்கு சறுக்கறது இங்கதான்.

அடுத்தது, விலையை யார் முடிவு பண்றாங்க? கனடாவுல ஆர்சிஎம்பி-ன்னு மத்திய போலீஸ் இருக்கு. அவங்களை கான்ட்ராக்ட்ல எடுக்கற நகரத்துல 15,000 பேருக்கு மேல இருந்தா 90% செலவு நகரத்தோடது, 10% மத்திய அரசோடது. 5,000-ல இருந்து 14,999 பேர்னா நகரத்துக்கு 70%. நல்ல டீல்தான். ஆனா 2021-ல அந்தப் போலீஸ்காரங்களோட யூனியன் முதல் சம்பள ஒப்பந்தம் போட்டது, 2017-ல இருந்து அரியரோட. பேசினது யூனியனும் மத்திய அரசும். பில் வந்தது நகரங்களுக்கு. மத்திய அரசே ஏத்துக்கணும்னு நகரங்கள் கேட்டும், 2023 பட்ஜெட்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உங்க ஹவுஸ் ஓனர் நாலு வருஷ வாடகை உயர்வை இன்னைக்கு மொத்தமா கேட்டா எப்படி இருக்கும்? அதேதான். இதுக்காக வருஷா வருஷம் ஒரு தொகையை எடுத்து வைக்கறதுதான் பிராவிஷன்.

வழக்கு செலவும் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் கான்ட்ராக்ட்ல சேவை விலைக்கு மேல ஒரு சதவீதம் பொதுவான நஷ்டஈட்டு நிதிக்குப் போகும். ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் மாதிரி. 2010-ல இன்சூரன்ஸ் கவரேஜை இழந்து, சொந்தத் துறையையே கலைச்ச மேவுட் மாதிரி நகரத்துக்கு இது வரம். அமைதியான நகரத்துக்கு, அடுத்தவங்க வழக்குக்கும் சேர்த்து கட்டற பிரீமியம்.

வெளிய வர்றதுக்கு ஆகற செலவை யாருமே கேக்கறதில்ல. கனடாவுல சர்ரே (பெரிய நகரம்தான்) 2018-ல ஆர்சிஎம்பியை விட்டு சொந்தத் துறைக்கு மாற முடிவு பண்ணுச்சு. 2022 தேர்தல்ல ஜெயிச்ச புது மேயர் பழையபடியே போகலாம்னாங்க. மாகாண அரசு தலையிட்டு, கடைசில 2024 நவம்பர்லதான் பொறுப்பு கை மாறுச்சு. அவ்வளவு நாளும் ரெண்டு துறைக்கும் செலவு!

என் கருத்து இதுதான். இதுவரைக்கும் சொந்தத் துறையே இல்லாத, 20,000 பேருக்குக் குறைவான ஊர்னா தயங்காம வாங்கலாம். ஆனா ஓரளவு நல்லா நடக்கற துறையை கொட்டேஷன்ல 10% குறையுதேன்னு கலைக்கறது தப்பு. திரும்ப ஆரம்பிக்க ஆள், கட்டடம், வண்டி எல்லாம் புதுசா தேடணும். இன்னொண்ணு, சொந்தத் துறையோட தலைவர் சரியில்லன்னா நகர நிர்வாகமே மாத்திடலாம். ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கறது முழு கவுண்டி. அதுல உங்க ஊர் ஓட்டு எத்தனை? இதுக்கு விலை போட முடியாது, ஆனா கணக்குல விடவும் முடியாது.

வீட்டுப்பாடம்: உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டி ஏஜென்சி பில்லை வாங்கிப் பாருங்க. ஒரு கேட்டுக்கு எத்தனை பேர், வாரலீவுக்கு மாற்று ஆள் யார், பிஎஃப் யார் கட்டறாங்க, எத்தனை மாச நோட்டீஸ்ல நிறுத்தலாம்? அந்த 168-ஐ அங்கயும் வகுத்துப் பாருங்க.