உறைபனியும் ஊர்திக் கதவும்

மார்கழி விடியலில் அல்சூர் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெண்மையாய் இறுகி நிற்கும். வெந்நீரில் வைத்து உருக்கிய பின்னரே எண்ணெயைத் தலையில் தேய்க்க இயலும். முதல் நாள் இரவு பாலில் இட்ட உறைமோரும் அன்று சோம்பலாகவே வேலை செய்யும். பெங்களூரின் குளிர் அவ்வளவே. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் பதிவானது. நீர் உறைவதற்கோ வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஆகவே, மகிழுந்தின் கதவு குளிரில் உறைந்து திறவாமற்போகும் என்னும் செய்தி இவ்வூர்ச் சிறுவர்க்கு வியப்பளிப்பது இயல்பே.

ஆயினும், அவர்களுள் பலருக்கு இது முற்றிலும் அயலான செய்தியன்று. அல்சூர் ஏரியை அடுத்து மதராஸ் பொறியாளர் படையின் மையம் அமைந்துள்ளது. 1780இல் தோன்றிய அப்படையின் வீரர்களைத் ‘தம்பிகள்’ என்று அழைப்பது இராணுவத்தின் பழைய வழக்கம். பாலம் கட்டுவதும் பாதை அமைப்பதும் அவர்தம் தொழில். பனிமலை எல்லைகளிலும் அவர்கள் அப்பணியைச் செய்து வருகின்றனர். தந்தையோ மாமாவோ லடாக்கில் இருக்கும் பிள்ளைக்கும், சித்தப்பா கனடாவின் டொரண்டோவில் வாழும் பிள்ளைக்கும், திறவாத கதவு வீட்டுப் பேச்சில் வந்து போகும் ஒன்றாகவே இருக்கும்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காந்தல், தலைகுந்தா ஆகிய பகுதிகளில் திசம்பர், சனவரித் திங்கள்களில் புல்வெளி வெண்கம்பளம் விரித்தாற்போல் காட்சி தரும். வெட்டவெளியில் நிறுத்திய ஊர்திகளின் மேலும் உறைபனி படியும். காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரியாக இருக்கும்போதே இவ்வாறு நிகழ்வதுண்டு. மேகமற்ற இரவில் ஊர்தியின் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். கூரையின் கீழ் நிறுத்திய வண்டி பெரும்பாலும் தப்பிவிடும்.

கதவு எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது? கதவின் விளிம்பைச் சுற்றிலும் ஒரு ரப்பர்ப் பட்டை உண்டு. பணிமனைகளில் இதனைப் ‘பீடிங்’ என்பர். மழையும் தூசியும் உள்ளே புகாமல் காப்பது அதன் வேலை. பகலில் பெய்த பனி, ஓடும் வண்டியின் உள்வெப்பத்தால் உருகிக் கதவிடுக்கில் வழிகிறது. பயணிகளின் காலணியில் ஒட்டி வந்த பனியும் அவர்கள் விடும் மூச்சின் ஈரமும் அதனோடு சேர்கின்றன. இரவில் வண்டி குளிர்ந்ததும், ரப்பருக்கும் தகட்டிற்கும் இடையே நின்ற அந்நீர் உறைந்து பசைபோல் இரண்டையும் பற்றிக்கொள்கிறது. நீர் உறையும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுவதால், சிறு இடுக்குகளிலும் அது இறுகி நிரம்புகிறது. லே நகரின் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. அங்கு நள்ளிரவில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வண்டி நிற்கிறது, ஓட்டுநரும் நிற்கிறார், கதவு மட்டும் திறக்கவில்லை என்றால், அந்தச் சில நிமிடங்கள் சிறியவையல்ல.

கதவை ஒட்டச் செய்வது குளிர் மட்டுமன்று. குளிருக்கு அகப்பட்ட நீர். நீர் இல்லாத இடுக்கில் எவ்வளவு குளிர்ந்தாலும் உறைவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, காலையில் செய்யும் மருத்துவத்தினும் மாலையில் செய்யும் காவலே மேலானது. பயணம் முடிந்ததும் கதவுகள் அனைத்தையும் சிறிது நேரம் திறந்துவைத்தால் உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியேறிவிடும். பின்னர் ரப்பர்ப் பட்டையையும் அது படியும் தகட்டையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கதவின் அடிவிளிம்பைத் துடைக்கப் பலரும் மறப்பர். வழிந்த நீர் தங்குவது அங்கேதான். கடுங்குளிர் நாளின் மாலையில் வண்டியைக் கழுவுவது வேண்டாத வேலை. வண்டியின் முகப்பைக் கிழக்கு நோக்கி நிறுத்தினால் முன்கண்ணாடிப் பனியைக் காலைக் கதிரவன் கூலியின்றி உருக்கித் தருவான்.

துடைத்த பட்டையின் மேல் சிலிக்கோன் பசையை மெல்லியதாகப் பூசுவது நல்ல காப்பு. அது நீரை ஒட்டவிடாது, கடுங்குளிரிலும் இறுகாது. இங்குத் தமிழ்ப் பிள்ளைக்கு ஓர் ஐயம் எழலாம்: வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கச் சிலிக்கோன் எதற்கு? தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே இறுகத் தொடங்கும் பொருள். அல்சூரிலேயே உறைவது லடாக்கில் என்ன செய்யும்? இயந்திர எண்ணெயும் கிரீசும் நாளடைவில் அந்த ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும். வண்டிக்கு ஊற்றும் டீசலும் குளிரில் மெழுகுபோல் தடிப்பதுண்டு. அதனால் 2019இல் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கிற்கென, உறைநிலைக்குக் கீழே 33 டிகிரியிலும் உறையாத டீசலை அறிமுகப்படுத்தியது.

பூட்டின் துளையில் நீர் உறைந்தால் சாவி நுழையாது. அங்குச் சிறிது ஆல்கஹால் விடுவர். நீர் உறையும் குளிரில் ஆல்கஹால் உறைவதில்லை. அது தீப்பற்றக்கூடியது. ஆதலால், சாவியைத் தீயில் காட்டிச் சூடாக்கும் பழக்கத்தையும் இதனையும் ஒருபோதும் சேர்த்துச் செய்யலாகாது.

இத்தனைக்குப் பிறகும் கதவு ஒட்டிக்கொண்டால், கைப்பிடியைப் பற்றி வெறிகொண்டு இழுப்பது முதற்பிழை. கைப்பிடி முறியும், அல்லது ரப்பர் கிழியும். கிழிந்த இடத்தில் மறுநாள் இன்னும் மிகுதியாக நீர் புகும். மாறாக, கதவை உள்நோக்கித் தோளால் அழுத்த வேண்டும். மெல்லிய பனித்தகடு அழுத்தத்தில் நொறுங்கும். ஒரு கதவு திறவாவிடின் மற்றொன்றை முயலலாம். வெயில் பட்ட பக்கத்துக் கதவு முதலில் இளகும். கொதிநீர் ஊற்றுவோரும் உளர். திடீர் வெப்பத்தால் கண்ணாடி விரிசல் காணும். ஊற்றிய நீரும் சற்று நேரத்தில் புதுப்பனியாகும்.

பிற்குறிப்பாகச் சொற்களைப் பற்றிச் சிறிது. தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, மார்கழி, தை ஆகியவற்றை முன்பனி என்றும், மாசி, பங்குனி ஆகியவற்றைப் பின்பனி என்றும் அழைத்தனர். பனி என்னும் சொல்லுக்குக் கன்னடத்திலும் உறவு உண்டு. பால் ‘ஹாலு’ ஆவதுபோல், பனி ‘ஹனி’ ஆகி அங்குத் துளியைக் குறிக்கும். ‘உறை’ என்னும் சொல்லோ பல வேலை செய்கிறது: நீர் உறைகிறது, பாலுக்கு உறை ஊற்றுகிறோம், வாளுக்கு உறை உண்டு, ஊரில் மக்கள் உறைகின்றனர்.

பயிற்சி

1. காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும் வண்டியின் மேல் உறைபனி படிவது ஏன்?

2. கதவுப் பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் ஏன் உதவாது? வீட்டில் கண்டதைக் கொண்டு விளக்குக.

3. பனி, பணி ஆகிய இரு சொற்களும் ஒரே தொடரில் அமையுமாறு எழுதுக.

4. குளிர்நாட்டிலோ மலைப்பகுதியிலோ வாழும் உறவினர் ஒருவருக்கு, மாலையில் வண்டியை நிறுத்தும்போது செய்ய வேண்டியவற்றை விளக்கித் தமிழில் ஒரு மடல் எழுதுக. அவர் கூறும் மறுமொழியை வகுப்பில் படித்துக்காட்டுக.